கூட்ட அறிக்கைப் புத்தகம் சொல்லும் யாழ்ப்பாணம்

1998 செப்ரெம்பர் 11 ஆம் திகதி நல்லூரில் இயங்கி வந்த யாழ். மாநகர சபைக் கட்டடத்தில் ஒரு கூட்டம் நடைபெற்றது. நகரத்தின் வீதிப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது பற்றிய கூட்டம் அது. உலகின் எந்த நகரத்திலும் மாதத்துக்கொரு தடவையாவது நடக்கும் கூட்டம். அந்தக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. மாநகர முதல்வர் பொன். சிவபாலன், யாழ். நகரக் கட்டளை அதிகாரியாக இருந்த பிரிகேடியர் சுசந்த மெண்டிஸ், பொலிஸ் அதிகாரிகள், மாநகர சபையின் உத்தியோகத்தர்கள் எனப் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு. நான் அன்று அங்கே இருக்கவில்லை. வேறொரு செய்திக்காக வடமராட்சிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அலுவலகத்தில் என் மேசையில் முதல் நாள் நான் எழுதி வைத்த சிறு குறிப்பொன்று கிடந்தது. 'போக்குவரத்துக் கூட்டம், விபரம் பிறகு கேட்கவும்' என்று எழுதியிருந்தேன். அந்தக் கூட்டத்தை நான் அவ்வளவுதான் மதித்திருந்தேன்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரும் அந்தக் குறிப்பு என் நினைவை விட்டு அகலவில்லை. நம் அரசியல் வரலாற்றை எழுதுகின்ற எவரும் ஒப்பந்தங்களை எழுதுவார்கள், மாநாடுகளை எழுதுவார்கள், பேச்சுவார்த்தைகளை எழுதுவார்கள். மாநகர சபையின் கூட்ட அறிக்கைப் புத்தகத்தை எடுத்து வைத்து எழுதியவர்கள் மிகக் குறைவு. ஆனால் தன்னாட்சி என்ற சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஓர் உருவம் இருந்தது என்றால், அது அந்தப் புத்தகந்தான். இக்கட்டுரை அதைப் பற்றியது.

* * *

இலங்கையில் மாநகர சபைகளின் கதை 1865 இல் தொடங்குகிறது. அவ்வாண்டின் 17 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி கொழும்பிலும் கண்டியிலும் மாநகர சபைகள் அமைக்கப்பட்டன. தலைமை ஆசனத்தில் அரசாங்க அதிபர் அமர்ந்தார். மக்கள் பிரதிநிதிகள் இருந்தார்கள். ஆனால் அதிகாரம் கச்சேரியில் இருந்தது. தெரிவு செய்யப்பட்ட ஒரு மேயரைக் காணக் கொழும்பு 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாறு முதலாவதாகத் தெரிவானவர் வைத்தியகலாநிதி இரத்தினசோதி சரவணமுத்து என்ற தமிழர் என்பதை இன்றைய இளைய தலைமுறை அறிந்திருக்குமோ தெரியவில்லை.

யாழ்ப்பாணம் மெதுவாகவே இந்தப் படிகளில் ஏறியது. 1906 இல் 'லோக்கல் போர்ட்' எனப்பட்ட சிறிய சபை. 1921 இல் நகர மாவட்ட சபை. அதன் பின் நகர சபை. 1949 ஜனவரியில் அது மாநகர சபையாயிற்று. முதலாவது முதல்வர் சாம் ஏ. சபாபதி. இன்றும் நடைமுறையிலுள்ள 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டமே அந்தச் சபைக்கும் அடிப்படை.

அந்தச் சட்டம் சபைக்குக் கொடுத்த பொறுப்பு என்ன? பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள். சுருங்கச் சொன்னால் நகரத்தில் வாழ்வோரின் வசதியும் நலனும். இதில் மொழி இல்லை, காணி இல்லை, பாதுகாப்பு இல்லை. நம்மவர் நூற்றாண்டாகப் போராடிய எதுவும் இதில் இல்லை. அதனாலேயே நம் பெரிய தலைவர்களுக்கு மாநகர சபை ஒரு படிக்கட்டாக மட்டும் தெரிந்தது. சிலருக்கு அது கண்ணிலேயே படவில்லை.

* * *

எனக்கும் அப்படித்தான் இருந்தது. பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துவிட்டுப் பத்திரிகையில் சேர்ந்த இளைஞன் நான். 1998 ஜனவரியில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் தெரிவு செய்யப்பட்ட சபை கூடியபோது, ஆசிரியர் என்னை அழைத்து, "இனி மாநகர சபை உம்முடைய பொறுப்பு" என்றார். முகம் வாடியதை அவர் கவனித்திருக்க வேண்டும். "வாய்க்காலைப் பற்றி நாலு வரி பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவனுக்குத்தான் அரசியலமைப்பைப் பற்றி எழுத விடுவேன்" என்றார். அப்போது அது தண்டனையாகப் பட்டது.

வீட்டுக்கு வந்து சித்தப்பாவிடம் முறையிட்டேன். சித்தப்பா மாநகர சபையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் லிகிதராக இருந்து இளைப்பாறியவர். அறிக்கை எழுதுவது அவருடைய கடமைகளில் ஒன்று. அவர் சிரித்துவிட்டு, ஒரு வாய்க்காலின் கதையைச் சொன்னார். அதை இங்கே சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

குருநகரிலோ நாவாந்துறையிலோ ஓர் ஒழுங்கையில் மாரி காலத்தில் வெள்ளம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்விடத்தார் கூடி மனு எழுதுவார்கள். மனு வட்டார உறுப்பினரின் கைக்குப் போகும். அவர் அதை ஆணையாளரிடம் கொடுப்பார். அல்லது சபையில் கேள்வியாகக் கேட்பார். ஆணையாளர் அதைப் பொறியியலாளருக்கு அனுப்புவார். பொறியியலாளர் பகுதி ஆள் வந்து நாடா பிடித்து அளப்பான். மதிப்பீடு தயாராகும். அது வேலைகள் குழுவுக்குப் போகும். அங்கே ஒருவர், "என்னுடைய வட்டாரத்திலும் வெள்ளம் நிற்கிறதே, அது என்னாயிற்று?" என்பார். பிறகு நிதிக்குழு. அங்கே காசு இல்லை என்று தெரியவரும். அடுத்த மாதம் சபையின் பொதுக்கூட்டம். ஒருவர் பிரேரிப்பார், ஒருவர் வழிமொழிவார், ஏகமனதாக நிறைவேறும். அதன் பின் கேள்விக்கோரல், ஒப்பந்தகாரர், வேலை. வேலை முடிந்ததும் வாய்க்கால் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற சண்டை.

"ஒரு வாய்க்காலுக்கு எட்டு மாதமோ சித்தப்பா?" என்று கேட்டேன்.

"சில வேளை ஒரு வருசம் தம்பி. ஆனால் ஒண்டைக் கவனி. அந்த ஒழுங்கையில இருக்கிறவன், வட்டார மெம்பர், இஞ்சினியர், நிதிக்குழுவில இருக்கிற பக்கத்து வட்டாரத்தான், எல்லாரும் அந்த வாய்க்காலைப் பற்றிக் கதைச்சுப் போட்டாங்கள். 83க்குப் பிறகு ஆணையாளர் ஆட்சி. ஒரு கையெழுத்தில வாய்க்கால் வந்தது. நல்ல மனுசன்கள்தான் இருந்தவை. ஆனால் வாய்க்கால் பிழையெண்டால் ஆரோட சண்டை பிடிக்கிறது?"

இந்தக் கேள்விக்கு நான் படித்த வரலாற்றுப் புத்தகங்கள் எதிலும் விடை இருக்கவில்லை.

* * *

மெதுவாக நகரும் இந்த முறை எதையும் சாதித்ததில்லை என்று எண்ணுவோருக்கு யாழ். பொது நூலகத்தின் கதையை நினைவூட்ட வேண்டும். நூலகம் எரிந்த கதையை எல்லோரும் அறிவர். அது கட்டப்பட்ட கதையை அறிந்தோர் சிலரே.

க. மு. செல்லப்பா என்ற தனிமனிதர் 1933 இல் தமது வீட்டில் தொடங்கிய முயற்சி அது. 1934 இல் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அன்றைய நகர சபை அதைப் பொறுப்பேற்றது. ஒரு தனிமனிதரின் ஆசை, அதற்குப் பின் ஓர் ஊராட்சி மன்றத்தின் மாதாந்த விடயமாயிற்று. வாடகை, பத்திரிகைச் சந்தா, நூலகரின் சம்பளம், மேசை கதிரை என்று ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் அதற்கொரு வரி ஏறியது.

நகரம் மாநகரமான பின், 1952 இல் சாம் சபாபதி தலைமையில் நூலகக் கட்டடத்துக்கான பொதுக்கூட்டம் கூடியது. காசு எங்கிருந்து வந்தது? கார்னிவல் நடத்தினார்கள், லொத்தர் சீட்டு விற்றார்கள். அருட்தந்தை லோங் அடிகளார் போன்றோர் உறுதுணையாக நின்றனர். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனை பெறப்பட்டது. சென்னையிலிருந்து கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மன் வரைபடம் தந்தார். 1954 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1959 ஒக்ரோபர் 11 ஆம் திகதி அப்போதைய முதல்வர் அல்பிரட் துரையப்பா அதைத் திறந்து வைத்தார்.

நகர சபை பொறுப்பேற்ற நாளிலிருந்து கணக்கிட்டால் இருபத்துநான்கு ஆண்டுகள். எத்தனை குழுக்கூட்டங்கள், எத்தனை கேள்விக்கோரல்கள், எத்தனை "அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது"கள். இடையில் முதல்வர்கள் மாறினார்கள், உறுப்பினர்கள் மாறினார்கள், விடயம் நிகழ்ச்சி நிரலை விட்டுப் போகவில்லை. கட்டடத்தின் அழகைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, ஒரு சபை ஒரு விடயத்தை இருபத்துநான்கு ஆண்டுகள் கைவிடாமல் வைத்திருந்தது என்பதுதான்.

1981 மே 31 நள்ளிரவை அண்டி அது எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. நான் அப்போது பதினொரு வயதுச் சிறுவன். சிறுவர் பகுதியில் அங்கத்தவன். திருப்பிக் கொடுக்காத ஒரு புத்தகம் என்னிடம் இருந்தது. சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்து, பின் அட்டையில் திகதி முத்திரையைப் பார்த்து, "தண்டம் அறவிட ஆளில்லை, வைச்சிரு" என்றார். அவர் அழுததை நான் கண்டது அன்று ஒரு நாள்தான்.

* * *

சபையின் பழைய காலத்தைப் பொற்காலம் என்று எழுதிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடன்று. அந்த மண்டபத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்பதுடன், யார் இருக்கவில்லை என்றும் கேட்க வேண்டும்.

யாழ்ப்பாண நகரத்துக்கு நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இருக்கவில்லை. வாளிக் கக்கூசுகளே பல வீடுகளில் இருந்தன. அதிகாலையில் பின் ஒழுங்கையால் வந்து அந்த வாளிகளை எடுத்துச் சென்றவர்கள், தென்னிந்தியாவிலிருந்து இந்த வேலைக்கென்றே கொண்டுவரப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த தொழிலாளர்கள். சபையின் செலவுக் கணக்கில் அவர்கள் ஒவ்வொரு மாதமும் இடம்பெற்றார்கள்: சம்பளம், வாளி, வண்டி, மாடு. அவர்களது குடியிருப்புகளின் கூரையும் தண்ணீரும் சபையின் தயவில் இருந்தன. தீர்மானங்கள் அவர்களைப் பற்றி எடுக்கப்பட்டன, அவர்களால் எடுக்கப்படவில்லை. நகரம் சுத்தமாக இருந்தது என்று பெருமை பேசும் மூத்தோர் அந்தச் சுத்தத்தைத் தலையில் சுமந்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. இன்று நகரத்தின் குப்பை கல்லுண்டாய் வெளிக்குப் போகிறது. அயலில் வாழும் மக்கள் புகையையும் நாற்றத்தையும் பற்றி முறையிட்டு வருகிறார்கள். நகரத்தின் அழுக்கு எப்போதும் எவரோ ஒருவரின் வாசலில்தான் இறக்கப்படுகிறது. எவருடைய வாசல் என்பதே மாநகர அரசியலின் அடிப்படைக் கேள்வி.

* * *

எழுபதுகளில் மாநகர சபையின் சாதாரண காரியங்கள் சாதாரணமாக இருக்க முடியாமற் போயின. 1974 ஜனவரியில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு யாழ்ப்பாணத்தில் நடந்தது. 10 ஆம் திகதி இறுதிநாள் பொதுக்கூட்டம் வீரசிங்கம் மண்டபத்தின் முன் நடந்தபோது பொலிஸார் தலையிட்டனர். மின்கம்பி அறுந்து விழுந்தது. ஒன்பது பேர் உயிரிழந்தனர். திறந்தவெளி அரங்கைப் பயன்படுத்த மாநகர முதல்வரின் அனுமதி கிடைக்காமையாலேயே கூட்டம் மண்டபத்தின் முன் நடத்தப்பட்டது என்பது அன்று தொட்டு யாழ்ப்பாணத்தில் சொல்லப்பட்டு வருவது. மைதானத்துக்கும் அரங்குக்கும் அனுமதி கொடுப்பது எந்தச் சபையிலும் ஒரு லிகிதரின் மேசையில் முடிகின்ற காரியம். அந்த அனுமதி மக்கள் மனதில் ஓர் இரத்தக் கணக்காகப் பதிந்தது.

1975 ஜூலை 27 ஆம் திகதி அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆளும் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் பக்கம் நின்றார் என்பதும் தமிழாராய்ச்சி மாநாட்டுச் சம்பவமும் அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றங்கள். அரசியலில் அவரை எதிர்த்தோர் பலர். நகரத்தின் வறிய மக்களிடையே அவருக்கு இருந்த செல்வாக்கை எதிரிகளும் மறுத்ததில்லை. அவருடைய சரி பிழைகளைத் தீர்க்க நகரத்தாரிடம் வாக்குச்சீட்டு இருந்தது. அது பயன்படுத்தப்பட முன்னரே துப்பாக்கி பேசிவிட்டது. பின்னர் வந்த பல சாவுகளுக்கு அது முன்னோடியாயிற்று.

1979 முதல் 1983 வரை இராஜா விசுவநாதன் முதல்வராக இருந்தார். 1983 மே மாத உள்ளூராட்சித் தேர்தலை யாழ்ப்பாணத்து மக்கள் பெரும்பாலும் புறக்கணித்தனர். புறக்கணிக்குமாறு விடுதலைப் புலிகள் கேட்டிருந்தனர். அதன் பின் பதினைந்து ஆண்டுகள் ஆணையாளர்களின் காலம். போரில் நகர மண்டபம் அழிந்தது. சபை நல்லூருக்கு இடம்பெயர்ந்தது. ஷெல் விழுந்த நாட்களிலும் குப்பை அள்ளியவர்கள், தண்ணீர் இறைத்தவர்கள், பிறப்பு இறப்பு விபரங்களைப் பதிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு எவரும் சிலை வைக்கவில்லை.

* * *

1998 க்கு மீண்டும் வருகிறேன். சபை கூடியபோது முதல்வராக வந்தவர் திருமதி சரோஜினி யோகேஸ்வரன். யாழ். மாநகரின் முதலாவது பெண் முதல்வர். 1989 இல் கொழும்பில் கொல்லப்பட்ட முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் வெ. யோகேஸ்வரனின் துணைவியார். பாதுகாப்புக்கு ஆட்கள் வேண்டாம் என்று அவர் இருந்ததாகப் பலரும் பேசிக்கொண்டார்கள். 1998 மே 17 ஆம் திகதி தமது வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் முதல்வரான சட்டத்தரணி பொன். சிவபாலன் நான்கு மாதங்கூட முழுமையாக இருக்கவில்லை.

இந்த இருவரும் என்ன அதிகாரத்தை வைத்திருந்தார்கள்? இராணுவத்துக்குக் கட்டளையிட முடியாது. சோதனைச்சாவடியொன்றை அகற்ற முடியாது. ஒரு கைதியை விடுவிக்க முடியாது. அவர்களால் முடிந்தது சந்தைக் கடைகளுக்கு வாடகை நிர்ணயிப்பது, வீதி விளக்குப் போடுவது, சோலைவரி அறவிடுவது, வாகனங்கள் எந்தப் பக்கத்தால் போக வேண்டும் என்று சொல்வது. அவ்வளவுக்காக அவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் கதிரைக்கு வேறொரு அர்த்தம் இருந்தது என்பது கொன்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. மக்கள் தம் காரியத்தைத் தாமே பேசித் தீர்க்கும் ஓர் இடம் இருக்குமானால், அவர்கள் சார்பில் மற்றெவரும் தனியே பேச முடியாது அல்லவா?

அந்த மரணங்களுக்குப் பின்னரும் சபை கூடியது. அதை நான் நேரில் கண்டேன். அனுதாபப் பிரேரணை, இரண்டு நிமிட மௌனம், பின்னர் சென்ற கூட்ட அறிக்கையை உறுதிப்படுத்தல், பின்னர் குழுக்களின் அறிக்கைகள். ஓர் உறுப்பினர் எழுந்து தமது வட்டாரத்தில் எரியாத விளக்குகளைப் பற்றிக் கேட்டார். பத்திரிகையாளர் வரிசையில் இருந்த எனக்கு முதலில் கோபம் வந்தது. இரத்தம் காயவில்லை, விளக்கைப் பற்றிக் கேட்கிறாரே என்று. வீட்டுக்கு நடந்து போகும்போது தெருவெல்லாம் இருட்டாக இருந்தது. அவர் கேட்டது சரி என்று அப்போது விளங்கியது. அன்று வேலைக்கு வந்து, அந்தக் கதிரையில் இருந்து, அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது இன்னும் பிந்தி விளங்கியது.

அந்தச் சபையில் துணை முதல்வராக இருந்து 2001 இல் முதல்வரான ந. ரவிராஜ் பின்னர் பாராளுமன்றம் சென்றார். 2006 நவம்பர் 10 ஆம் திகதி கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். துரையப்பாவையும் சேர்த்தால் முதல்வர் கதிரையில் இருந்தவர்களில் நால்வர்.

* * *

2002 இல் செல்லன் கந்தையன் முதல்வரானார். ஒடுக்கப்பட்ட சமூகமொன்றிலிருந்து வந்தவர். புனரமைக்கப்பட்ட பொது நூலகத்தை 2003 பெப்ரவரி 14 இல் திறப்பதென்று சபை முடிவு செய்தது. கட்டடம் சபையுடையது, நூலகம் சபையுடையது, திறப்பு விழாவுக்குத் திகதி குறிப்பதும் சபையின் வேலை. விடுதலைப் புலிகள் திறப்பு விழாவை எதிர்த்தனர். விழா நடைபெறவில்லை. முதல்வரும் உறுப்பினர்களும் பதவி விலகினர். எதிர்ப்புக்குப் பின்னால் சாதி இருந்தது என்று அன்றே பேசப்பட்டது. அப்படியில்லை என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். எது எவ்வாறாயினும், மலம் அள்ளியவர்களுக்கு ஆசனம் கொடுக்காத ஒரு மண்டபத்தின் நீண்ட வரலாற்றில், ஒடுக்கப்பட்ட சமூகத்து முதல்வர் ஒருவரின் பெயர் அந்த நூலகத்தின் திறப்பு விழாக் கல்வெட்டில் இடம்பெறாமற் போனது ஒரு சாதாரணச் செய்தியன்று.

அடுத்த தேர்தல் 2009 ஓகஸ்டில். போர் முடிந்து மூன்று மாதங்கள். வாக்களித்தோர் ஏறத்தாழ 22 வீதத்தினரே. 23 ஆசனங்களில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 13 ஐப் பெற்றது; திருமதி யோகேஸ்வரி பற்குணராசா முதல்வரானார். 2014 இல் அந்தச் சபையின் காலம் முடிந்த பின் மீண்டும் ஆணையாளர் ஆட்சி. 2018 பெப்ரவரித் தேர்தலில் ஆசனங்கள் 45 ஆயின. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் இம்மானுவல் ஆர்னல்ட் முதல்வரானார். பெண்களுக்கு நான்கிலொரு பங்கு ஒதுக்கீடு வந்தது. சித்தப்பாவின் காலத்தில் கண்டிராத காட்சி அது.

அந்தச் சபையின் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சாதாரண காரியம் எவ்வளவு வலிமையானது என்று. 2019 இல் வீதியோரத்தில் 'ஸ்மார்ட்' விளக்குக் கம்பங்கள் நாட்ட ஒப்புக்கொண்டமை நகரத்தையே இரண்டாக்கியது. 5ஜி கோபுரங்கள் என்று அஞ்சிய மக்கள் தெருவுக்கு வந்தனர். 2020 டிசெம்பரில் முதல்வரின் வரவு செலவுத் திட்டம் இரு தடவை தோற்றது. சட்டப்படி அவர் பதவியிழந்தார். 30 ஆம் திகதி நடந்த தெரிவில் வி. மணிவண்ணன் ஈ.பி.டி.பி. உறுப்பினர்களின் ஆதரவுடன் 21 க்கு 20 என்று ஒரே ஒரு வாக்கால் வென்றார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் துப்பாக்கியால் மாற்றப்பட்ட கதிரை, இப்போது கைகளை எண்ணி மாற்றப்பட்டது. கட்சிப் பூசல், பேரம், கூட்டணி என்று அன்று எல்லோரும் முகஞ்சுளித்தார்கள். நான் மட்டும் மனதுக்குள் மகிழ்ந்தேன் என்று சொன்னால் வாசகர்கள் கோபிக்கக் கூடாது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 2021 ஏப்ரலில் நகரத்தில் குப்பை கொட்டுவோரையும் எச்சில் துப்புவோரையும் கண்காணிக்கச் சபை ஐந்து பேரை அமர்த்தியது. அவர்களின் நீலச் சீருடை விடுதலைப் புலிகளின் காவல்துறைச் சீருடையை ஒத்திருக்கிறது என்று முதல்வரைப் பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவு கைது செய்தது. கொழும்பு மாநகர சபையின் ஊழியர் சீருடையைப் பார்த்தே தைத்தது என்று அவர் விளக்கினார். அன்றே பிணையில் வந்தார். எச்சில் துப்புவதைத் தடுக்கும் தீர்மானமொன்று தேசியப் பாதுகாப்புப் பிரச்சினையாகும் நகரம் நம்முடையது.

* * *

இந்த நினைவுகளை எழுதத் தூண்டியது அண்மையில் ஒரு நண்பர் சொன்ன வார்த்தை. "மாநகர சபைக்கு அதிகாரமில்லை, இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன" என்றார். 1983 முதல் 2025 வரையான நாற்பத்திரண்டு ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்ட காலம் யாழ்ப்பாணத்தில் தெரிவு செய்யப்பட்ட சபை இருக்கவில்லை. 1983 முதல் 1998 வரை, 2003 முதல் 2009 வரை, 2014 முதல் 2018 வரை, இறுதியாக 2023 மார்ச் முதல் 2025 வரை. இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன என்பதற்கு இந்தக் கணக்கே விடை. இல்லாத காலத்திலும் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. அவை எங்கே வெட்டப்பட வேண்டும் என்று கேட்கும் பழக்கம் நம்மிடமிருந்து போய்விட்டது. ஒரு தலைமுறை மனு எழுதத் தெரியாமல் வளர்ந்தது. முகநூலில் வசைபாடத் தெரிந்த பலருக்குத் தமது வட்டார உறுப்பினர் யாரென்று தெரியாது.

சுயாட்சி வேண்டும் என்போர் அதை ஒரு நாள் வந்து இறங்கும் பொருளாக எண்ணிக் காத்திருக்கிறோம். அது ஒரு பழக்கம். சென்ற மாத அறிக்கையை வாசித்து, பிழையைத் திருத்தி, உறுதிப்படுத்தி, ஒருவரோடொருவர் முரண்பட்டு, காசில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அடுத்த மாதம் மீண்டும் கூடும் பழக்கம். அந்தப் பழக்கத்தைச் சிறிய மண்டபத்தில் பழகாதவர்கள் பெரிய மண்டபத்தில் என்ன செய்வார்கள்? பெரிய அதிகாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாகாணத்துக்கும் மாநகரத்துக்கும் உரிய அதிகாரம் இன்னும் கொழும்பின் கையில்தான் இருக்கிறது, அது வரவேண்டும். வரும்போது வாங்கிக்கொள்ளக் கை பழகியிருக்க வேண்டும் என்பதே என் கவலை.

2025 ஜூனில் திருமதி மதிவதனி விவேகானந்தராஜா முதல்வராகத் தெரிவானார். அந்தக் கதிரைக்கு வந்த மூன்றாவது பெண். சபையில் மீண்டும் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. மீண்டும் பேசித்தான் ஆக வேண்டும்.

சித்தப்பா இப்போது இல்லை. அவர் இறுதிவரை சோலைவரியை ஜனவரி முடிவதற்குள் முழு ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டிவிடுவார். பத்து வீதக் கழிவுக்காக என்று நாங்கள் கேலி செய்வோம். ஒரு முறை மட்டும் அவர் மறுத்துச் சொன்னார்: "கழிவுக்காக இல்லை தம்பி. கட்டின துண்டு கையில இருந்தால்தான் போய்ச் சண்டை பிடிக்கலாம்."

இந்த ஆண்டு நானும் ஜனவரியிலேயே கட்டினேன். எங்கள் ஒழுங்கையின் வாய்க்கால் பற்றி ஒரு மனுவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.